தீக்குச்சில முக்கோணம் செஞ்சோம், ஒரு அப்பத்தா சண்டைக்கு வந்துட்டாங்க. துவக்கப்பள்ளில ஸ்டீம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், ஆர்ட்ஸ், மேத்ஸ் சேத்து செஞ்சு கத்துக்கறது) செய்யறவங்க கொஞ்சம் சொல்லுங்க

சாத்தூர்_டீச்சர் | திங்கள் இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிடுவேன், இன்னிக்குதான் எழுதறேன், நீளமா போச்சுன்னா திட்டாதீங்க.

சாத்தூர் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளி. ஒண்ணு ரெண்டை ஹெச்எம் பாத்துக்குவாங்க, மூணு நாலு அஞ்சு மூணும் என் தலையில, மொத்தம் 23 பிள்ளைக, ஒரே ரூம். போன மாசத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி ரெண்டு பீரியடை செஞ்சு பாக்குறதுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கேன். மொத வாரம் களிமண். உருண்டையா போட்டா முங்குது, அதே மண்ணை கிண்ணம் மாதிரி தட்டிப் போட்டா மிதக்குது. ரூம் பூரா தண்ணி, ஹெச்எம் ஒண்ணும் சொல்லல, ஆனா மாப் குச்சியை கொண்டுவந்து என் டேபிள் பக்கத்துல சாத்தி வெச்சிட்டுப் போனாங்க. புரிஞ்சுக்கிட்டேன்.

இந்த வாரம் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப்பும். எங்க ஊர் தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து வைக்காத குச்சிக்கு பஞ்சமே இல்ல, ஒரு பை நிறைய சும்மாவே குடுத்தாங்க. வால்வு டியூப்பை விரல் நக அளவுக்கு வெட்டி ரெண்டு பக்கமும் குச்சியை சொருகணும், அவ்வளவுதான். மூணு குச்சி சேத்தா முக்கோணம், அமுக்குனாலும் அசையாது. நாலு குச்சி சேத்தா சதுரம், ஒரு மூலையை தள்ளுனா அப்படியே சரிஞ்சு படுத்துரும். இதை நான் சொல்லல, அதுகளே கண்டுபிடிச்சு கத்துச்சுக. சரி சதுரத்தை சாயாம நிக்க வைங்கன்னேன், குறுக்க ஒரு குச்சி குடுக்கணும்னு அஞ்சாப்பு பையன் சொல்லிட்டான், ஆனா குடுக்க முடியல, குச்சி எட்டல. ரெண்டு குச்சியை சேத்து வெச்சா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. நாலாப்பு படிக்கிற ஒரு பொண்ணு, கிளாஸ்ல வாயே தெறக்காது, அது சொல்லுது, "டீச்சர் ஒரு குச்சி பத்தல, ரெண்டு குச்சி மிச்சம்". அப்புறம் விளக்கமாத்து ஈர்க்கை அளந்து வெட்டி வெச்சு நிக்க வெச்சுட்டாங்க.

எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டேன். இன்னிக்கு காலைல ஒரு பையனோட அப்பத்தா வந்து நிக்கிறாங்க. பையன் வீட்டுல போய் குச்சி கேட்டிருக்கான் போல. "எங்களை பள்ளிக்கூடம் போகவிடாம குச்சி அடுக்க வெச்சாங்க, இப்ப பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனா இங்கயும் குச்சியா டீச்சர்?" அப்படின்னு கேட்டுட்டாங்க. சத்தம் போடல, அதான் ரொம்ப கஷ்டமா போச்சு. அந்தப் பையன் ரெண்டு கையையும் டவுசர் பின்னாடி ஒளிச்சுக்கிட்டு நிக்கிறான். எனக்கு வாயில பேச்சே வரல.

நிறுத்திரவா? வேற பொருளுக்கு மாறவா? இல்ல அவங்களுக்கு எப்படி சொல்லி புரிய வைக்கிறது? உங்க ஸ்கூல்ல எல்லாம் எப்படி பண்றீங்க?

வெட்டி_ஆபீசர் | திங்கள் இரவு 9:52

ஸ்டீம்னு பாத்ததும் இட்லி குக்கர் திரடுன்னு உள்ள வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க டீச்சர். படிச்சு முடிச்சதும் சிரிப்பு போயிடுச்சு.

பழைய_சாக்பீஸ் | திங்கள் இரவு 10:30

அம்மா, நான் ரிட்டயர்டு இடைநிலை ஆசிரியர், 31 வருஷ சர்வீஸ். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நிறுத்தாதீங்க.

செய்முறைங்கறது நமக்கு புதுசில்ல. 2003ல சென்னை மாநகராட்சி ஸ்கூல்ல 13 இடத்துல ஏபிஎல், அதான் கார்டு கார்டா பிள்ளைகளே செஞ்சு கத்துக்கற செயல்வழிக் கற்றல், ஆரம்பிச்சாங்க, 2007-08 வாக்குல எங்க ஊர் வரைக்கும் வந்துச்சு. பெஞ்சை எல்லாம் தூக்கி வெளிய போட்டாச்சு, பிள்ளைகளும் தரையில நானும் தரையில. சுவத்துல முட்டி உயரத்துக்கு ஆளாளுக்கு கரும்பலகை, தலைக்கு மேல கம்பிப்பந்தல், அதுல அன்னன்னிக்கு வரைஞ்சதை கிளிப் போட்டு தொங்கவிடணும். காத்தடிச்சா ரூம் பூரா சலசலன்னு ஒரு சத்தம் வரும், இன்னும் காதுல இருக்கு.

அதுல நல்லதும் இருந்துச்சு கெட்டதும் இருந்துச்சு. நல்லது என்னன்னா வாத்தியார்னா எந்திரிச்சு நிக்கிற பயம் போச்சு. ஒரு வாரம் லீவு போட்ட பிள்ளை திரும்பி வந்தா விட்ட கார்டுலேர்ந்து தொடரலாம், நான் அப்பவே மூணு பாடத்தை தாண்டிப் போயிருக்க மாட்டேன். கெட்டது என்னன்னா, நான் என்னையவே சொல்றேன், கொஞ்ச நாள்ல கார்டை முடிக்கிறதே வேலைன்னு ஆயிடுச்சு. பிள்ளை கார்டு எடுக்கும், மணி கோக்கும், என்கிட்ட காட்டும், நான் டிக் போடுவேன், அடுத்த கார்டு. ஏன் அப்படின்னு நானும் கேக்கல அதுவும் கேக்கல. கை ஓயாம வேலை செய்யும், மண்டை சும்மா இருக்கும். இப்ப எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைகளை அவங்க கத்துக்கிட்ட அளவுக்கு அரும்பு மொட்டு மலர்னு பிரிச்சு உக்கார வைக்கும்போதும் அந்த ஆபத்து இருக்கத்தான் செய்யுது, எந்தத் திட்டம் வந்தாலும் இருக்கும்.

நீங்க அந்த சதுரத்தை சாயாம நிக்க வைங்கன்னு விட்டீங்க பாருங்க, நான் பண்ணத் தவறுனது அதுதான்.

கோவை_அப்பா | திங்கள் இரவு 11:05

உங்க பக்கம் குச்சி பிரச்சனை, எங்க பக்கம் வேற கூத்து. பொண்ணு ரெண்டாங்கிளாஸ், பிரைவேட் ஸ்கூல், பேர் வேண்டாம். ஸ்டீம் லேப்னு தனியா ஒரு ஃபீஸ் வாங்கறாங்க. ரூம் பூரா கலர் கலரா டப்பா, அட்மிஷன் அப்ப கூட்டிட்டுப் போய் காட்டுனாங்க, நானும் ஆஹான்னு இருந்தேன். இப்ப பாத்தா கிட்ல படம் போட்ட பேப்பர் இருக்கும், அதுல இருக்கற மாதிரி ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொருகணும், மோட்டார் சுத்துச்சுன்னா போட்டோ எடுத்து பேரண்ட்ஸ் குரூப்ல போடுவாங்க, உடனே கழட்டி டப்பாவுல போட்டுருவாங்க ஏன்னா அடுத்த செக்‌ஷனுக்கு வேணும். எதுக்குடா கண்ணு சுத்துச்சுன்னா "மிஸ் சொருக சொன்னாங்க".

அப்புறம் வீட்டுக்கு ப்ராஜெக்ட். சூரிய குடும்பம் தெர்மகோல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு நானும் என் சம்சாரமும் சனிக்கு வளையம் ஒட்டிட்டு இருக்கோம், பொண்ணு தூங்கிடுச்சு. அடுத்த நாள் ஃபர்ஸ்ட் ப்ரைஸ் வந்துச்சு, யாருக்குன்னுதான் தெரியல. அதனால டீச்சர், உங்க 23 பிள்ளைகளை பாத்து எனக்கு பொறாமையா இருக்கு, சத்தியமா.

கரிசல்_கருப்பன் | செவ்வாய் காலை 7:15

எல்லாரும் டீச்சரை பாராட்டுறீங்க, நான் அந்த அப்பத்தா பக்கம்.

எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குனவங்க. காலைல இருட்டோட வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிட்டுப் போகும், அப்ப அவங்களுக்கு எட்டு வயசு. குச்சியை ஒவ்வொண்ணா எடுத்து கட்டையில காடி காடியா வெக்கணும், எண்ணிக்கைக்குத்தான் கூலி. இன்னிக்கும் டீவி பாக்கும்போது அவங்க விரல் சும்மா இருக்காது, எதையாவது அடுக்கிக்கிட்டே இருக்கும். அந்தத் தலைமுறைக்கு பள்ளிக்கூடம்னா பேனா, நோட்டு, இங்கிலீஷ். கை அழுக்காகாத இடம். அங்க போய் குச்சியை நீட்டுனா கோவம் வரத்தான் செய்யும்.

இன்னொண்ணு, கைவேலைக் கல்வின்னு யார் பேசுனாலும் தமிழ்நாட்டுல ஒரு பழைய காயம் இருக்கு. 1953ல ராஜாஜி கொண்டு வந்தாரே, பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில்னு, குலக்கல்வின்னு ஊரே எந்திரிச்சு நின்னுச்சு, அடுத்த வருஷம் காமராஜர் வந்ததும் தூக்கிப் போட்டாங்க. அது முடிஞ்சு போன கதைன்னு சொல்லாதீங்க. கோவை அப்பா பொண்ணுக்கு மோட்டார், சாத்தூர் பையனுக்கு தீக்குச்சி, எங்க பக்கத்து பனங்காட்டுப் பையனுக்கு பனை ஓலை. "உள்ளூர்ப் பொருள்"னு அழகா பேர் வெச்சிட்டா சரியாப் போச்சா?

அப்புறம் இதையும் சொல்லிடறேன், அஞ்சாப்பு பையன் ஒரு பத்தி தமிழ் திக்காம படிக்கிறானா? அதை மொதல்ல பாருங்க. தப்பா நெனைக்காதீங்க டீச்சர், உங்க நல்ல மனசுல எனக்கு சந்தேகமே இல்ல.

பிஸிக்ஸ்_மாமா | செவ்வாய் காலை 10:40

கருப்பன் தம்பி சொன்னதுல பாதியை ஒத்துக்கறேன், மீதிக்கு அப்புறம் வரேன். மொதல்ல அந்த நாலாப்புப் பொண்ணு! "ஒரு குச்சி பத்தல, ரெண்டு குச்சி மிச்சம்". டீச்சர், அது சொன்னது என்னன்னு தெரியுதா, பக்கம் ஒரு குச்சின்னா குறுக்க ரூட் ரெண்டு குச்சி, அது ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருக்குன்னு சொல்லிடுச்சு. நான் காலேஜ்ல பாடம் எடுத்தவன், ரூட் டூன்னா 1.414ன்னு ஒப்பிக்கிறவங்களை ஆயிரம் பேர் பாத்திருக்கேன், அந்த நீளத்தை கையில தொட்டுப் பாத்தவங்க ரொம்ப கம்மி.

அதோட விடாதீங்க. இப்ப பக்கத்துக்கு அஞ்சு அஞ்சு குச்சி வெச்சு தரையில பெரிய சதுரம் போடச் சொல்லுங்க, டியூப் வேண்டாம், சும்மா நுனியோட நுனி சேத்து. குறுக்க எத்தனை குச்சின்னு மொதல்ல வாயால சொல்லச் சொல்லுங்க, போர்டுல எழுதிடுங்க, அப்புறம் அடுக்கட்டும். மத்ததை நான் சொல்ல மாட்டேன்.

இப்ப தம்பிக்கு. தீக்குச்சி வால்வு டியூப் ஐடியா தீப்பெட்டி ஆபீஸ்லேர்ந்து வரல. அரவிந்த் குப்தான்னு கான்பூர் ஐஐடில 1975ல படிச்சு முடிச்சவர், லாரி கம்பெனில இருந்துகிட்டே 1978ல மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்கு வந்தாரு. அந்தத் திட்டம் 1972ல வெறும் 16 கிராமத்து ஸ்கூல்ல ஆரம்பிச்சது. வாரச்சந்தைல கிடைக்கிற பொருளை வெச்சு அவர் செஞ்சதுதான் இந்தக் குச்சி விளையாட்டு. இன்ஜினியர் செஞ்சது தம்பி, பாலம் எப்படி நிக்குதுங்கறதை பத்து வயசுல காட்டறதுக்கு. பாம்பன் பாலம், கரண்ட் டவர், சைக்கிள் ஃப்ரேம், எல்லாத்துலயும் அந்த மூணு குச்சிதான். ஆனா நீங்க சொன்ன ஒரு விஷயம் நியாயம், இதெல்லாம் அந்த அப்பத்தாவுக்கு யாரும் சொல்லல. குச்சி மட்டும்தான் வீடு வரைக்கும் போயிருக்கு, டவர் போகல.

சைடுல ஒரு புலம்பல். எந்த ஸ்கூல் எக்ஸிபிஷன் போனாலும் ஒரு எரிமலை. சோடா உப்பு, வினிகர், சிவப்பு கலர், பொங்குது, எல்லாரும் கை தட்டுறாங்க. நிஜ எரிமலைல வினிகர் எங்கய்யா இருக்கு? அதுக்கு பதிலா ஆரத்தி தட்டை எடுங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா ஏன் சிவக்குதுன்னு எட்டு வயசுல கேட்டா என்ன? மஞ்சளை கரைச்சு தாள்ல தடவி காயவிட்டு சோப்புத் தண்ணில எழுதுனா சிவப்பா வரும், அது மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரும்ப மஞ்சளாயிடும். வீட்டுல இருக்கற ஒவ்வொண்ணையும் சொட்டு விட்டுப் பாக்கட்டும். தயிர், சாம்பல், ஷாம்பு, அவங்க தாத்தா வெத்தலைப் பெட்டி. அரை மணி நேரத்துல அவங்களே லிஸ்ட் பிரிச்சிருவாங்க.

தென்காசி_சாரல் | செவ்வாய் மதியம் 1:20

மாமா எங்க ஸ்கூல் கதை ஒண்ணு. போன வருஷம் ஜூலைல மழை விட்ட ஒரு நாளா பாத்து கிரவுண்டுல கம்பு நட்டு நிழல் நுனியில கால் மணிக்கு ஒருக்கா கல்லு வெச்சோம். பன்னெண்டு மணிக்குத்தான் நிழல் ரொம்ப குட்டையா இருக்கும்னு நானே அடிச்சு சொல்லிட்டேன். பாத்தா பன்னெண்டுக்கு அப்புறமும் குறைஞ்சுகிட்டே போகுது, பன்னெண்டரை கிட்டத்தான் ரொம்ப சின்னதாச்சு. பிள்ளைக என் மூஞ்சியவே பாக்குது. கடிகாரம் தப்புன்னு ஒருத்தன், கம்பு சாஞ்சிருக்குன்னு ஒருத்தன், "சாருக்கு தெரியல"ன்னு பின்னாடிலேர்ந்து ஒரு குரல். வீட்டுல வந்து தேடிப் படிச்சேன், நம்ம நேரம் அலகாபாத் பக்கம் போற 82.5 டிகிரி கோட்டுக்கு வெச்சது, நாம அதுக்கு மேக்க அஞ்சு டிகிரி, டிகிரிக்கு நாலு நிமிஷம், ஜூலைல சூரியனே வேற கொஞ்சம் லேட்டு. மறுநாள் போய் "நேத்து நான் சொன்னது தப்பு, நீங்க வெச்ச கல்லுதான் ரைட்டு"ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டேங்குறானுக. நல்லதுதான்.

கோலப்பொடி | செவ்வாய் மாலை 4:45

எல்லாரும் எஸ், டி, இ, எம் பத்தியே பேசறீங்க, நடுவுல இருக்கற ஏ, அதான் ஆர்ட்ஸ், எங்க போச்சு? நிறைய இடத்துல அந்த ஏ-ன்னா செஞ்சு முடிச்சதுக்கு கலர் அடிக்கிறது, ஜிகினா ஒட்டறது, அவ்வளவுதான். ட்ராயிங் டீச்சரா எனக்கு இது வயித்தெரிச்சல்.

நான் மூணாப்புக்கு சிக்குக் கோலம் எடுத்தேன். மொத நாள் மூணுக்கு மூணு புள்ளி, கோட்டை எடுக்காம ஒரே சுத்துல எல்லாப் புள்ளியையும் சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துல முடிக்கணும். சிலதுக்கு ஒரே கோட்டுல முடியும், சிலதுக்கு ரெண்டு மூணு தனித்தனி வளையமா போயிடும். எதுக்கு எப்படின்னு அதுக பந்தயம் கட்டுச்சுக. பசங்க மொதல்ல "பொம்பளைங்க வேலை"ன்னு மூஞ்சைத் திருப்புனானுங்க, ரெண்டாவது நாள் ஒருத்தன் அவங்க ஆயா கிட்ட கத்துக்கிட்டு வந்து ஏழு புள்ளி போட்டான், அப்புறம் எவனையும் எழுப்ப முடியல. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரில கிஃப்ட் சிரோமணின்னு ஒரு பேராசிரியர் இருந்தாரு, 1974லயே கோலத்துக்கும் கம்ப்யூட்டர் இலக்கணத்துக்கும் முடிச்சு போட்டு ஆய்வுக்கட்டுரை எழுதுனவங்கள்ல ஒருத்தர். எங்க ஆயா எல்லாம் பேப்பர் எழுதல, வாசல்ல எழுதுனாங்க.

கருப்பன் அண்ணா, உங்க கோவம் எனக்கும் புரியுது. ஆனா பொருள் மலிவா இருக்கறது தப்பில்லண்ணா, கேள்வி மலிவா இருந்தாதான் தப்பு. நுங்கு வண்டி ஓட்டச் சொல்லிட்டு விட்டா நீங்க சொல்ற குலக்கல்விதான். ரெண்டு நுங்குக்கூட்டுல ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருந்தா வண்டி ஏன் ஒரு பக்கமா வளைஞ்சு போகுதுன்னு கேட்டா அது வேற.

கரிசல்_கருப்பன் | செவ்வாய் இரவு 8:10

கோலப்பொடி தங்கச்சி, கேள்வி மலிவுன்னு சொன்னது சரி. ஆனா அந்தக் கேள்வியை கேக்க ஒரு டீச்சருக்கு மூணு கிளாஸ் இருக்கக் கூடாது. 60 பிள்ளைக்குள்ள இருந்தா ரெண்டு டீச்சர் போதும்னு சட்டத்துலயே இருக்கு, அந்த ரெண்டு பேர் அஞ்சு வகுப்பு எடுக்கறாங்க. வானவில் மன்றம்னு அரசுத் திட்டத்துல ஸ்கூலுக்கு வந்து அறிவியல் செஞ்சு காட்டறது ஆறாப்புலேர்ந்துதான். அதுக்கு கீழ இருக்கறதுகளுக்கு இவங்க மாதிரி யாராவது சொந்தக் காசுல வால்வு டியூப் வாங்குனாத்தான் உண்டு. நான் சொன்னதை வாபஸ் வாங்கல. டீச்சர் மேல கோவம் இல்லன்னு மட்டும் திருப்பி சொல்லிக்கறேன்.

படிப்பு விஷயம் கேட்டேனே, அதுக்கு யாரும் பதில் சொல்லலையே?

பழைய_சாக்பீஸ் | செவ்வாய் இரவு 9:00

அதுக்கு நான் சொல்றேன் தம்பி. செஞ்சு முடிச்சதும் ரெண்டு வரி எழுத வைக்கணும். "நான் என்ன நெனச்சேன், என்ன ஆச்சு". அவ்வளவுதான். படிக்கத் தெரியாதுன்னு நாம எழுதி வெச்ச பிள்ளை கூட அது செஞ்சதைப் பத்தி எழுதறதுக்கு எழுத்தை தேடும். எழுத்துப்பிழையை அன்னிக்கு திருத்தாதீங்க, மறுநாள் தமிழ் பீரியட்ல அதையே பாடமா எடுங்க. ஆனா மாயமந்திரம் எல்லாம் இல்ல, எழுத்துக்கூட்டி படிக்கறதை தனியா சொல்லித்தான் ஆகணும், இது அதுக்கு மாத்து கிடையாது.

சாத்தூர்_டீச்சர் | சனி காலை 11:30

மன்னிக்கணும், வாரம் பூரா ஆன்லைன்ல பதிவேத்தற வேலை, பதில் போட முடியல. எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கீங்க, ரெண்டு தடவை படிச்சேன்.

கருப்பன் அண்ணா சொன்னது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதனால நேத்து குச்சியை எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போனேன். ஸ்கூலுக்குப் பின்னாடி கண்மாய்க்கரை ஓரமா ஒரு கரண்ட் டவர் நிக்குது, தூரத்துலேர்ந்தே முக்கோணத்தை எண்ணச் சொன்னேன். 40 வரைக்கும் எண்ணிட்டு சண்டை வந்துருச்சு. அப்புறம் என் ஸ்கூட்டி ஸ்டாண்டு, சத்துணவுக் கூடத்து தகரக் கூரை, ஹெச்எம் சைக்கிள். அப்புறம்தான் உள்ள வந்தோம்.

மாமா சொன்ன அஞ்சு குச்சி சதுரம் போட்டோம். போர்டுல எழுதுன பதில்: அஞ்சு, ஆறு, எட்டு, பத்து. ஏழுன்னு ரெண்டே பேர். அடுக்கிப் பாத்தா ஏழு கிட்டத்தட்ட அப்படியே உக்காந்துருச்சு, ஒரே கூச்சல். ஆனா அந்த நாலாப்புப் பொண்ணு தரையில தலையை சாய்ச்சு பாத்துட்டு "கொஞ்சூண்டு இடம் விடுது டீச்சர்"ங்குது. நானும் குனிஞ்சு பாத்தேன், ஒரு குச்சி தடிமனுக்கு இடைவெளி இருக்கு. குச்சி கோணலா இருக்கும்னு மத்ததுக சொல்லுதுக, வேற குச்சி மாத்தி வெச்சாலும் அதே தான். மாமா இது என்னன்னு எனக்கு தெரியும், ஆனா நாலாப்புக்கு எப்படி சொல்றது? சொல்லாம விட்டுட்டேன், தப்பா?

அப்பத்தா வந்தாங்க. கோயில் பொங்கல்னு பையனை சீக்கிரமா கூட்டிட்டுப் போக வந்தவங்க வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் ஒண்ணும் பேசல. பையனே போய் ஒரு சதுரத்தை காட்டி, "நாலு குச்சின்னா படுத்துரும் அப்பத்தா, குறுக்க ஒண்ணு குடுத்தா நிக்கும்"னான். வாங்கி ரெண்டு தடவை ஆட்டிப் பாத்தாங்க. "கட்டில் ஆடுனா உங்க தாத்தா குறுக்க ஒரு சட்டத்தை அடிப்பாரே, அது மாதிரி"ன்னாங்க. ஆமா ஆமான்னு அவன் குதிக்கிறான். "அதுக்கு எதுக்குடா பள்ளிக்கூடம்"னு சொல்லிட்டு அவனை கூட்டிட்டு போயிட்டாங்க. நல்லதுக்கு சொன்னாங்களா கெட்டதுக்கு சொன்னாங்களான்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு புரியல.

இப்ப புது பிரச்சனை, வால்வு டியூப் கிடைக்கல. சைக்கிள் கடை அண்ணன் இப்ப யாரும் அதைக் கேக்கறதில்லன்னு கையை விரிக்கிறாரு. வேற எதை வெச்சு இணைக்கலாம்?

பிஸிக்ஸ்_மாமா | சனி மதியம் 12:05

சொல்லாம விட்டது ரொம்ப சரி. அந்த இடைவெளியை அந்தப் பொண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும். அடுத்த வாரம் பக்கத்துக்கு பத்து குச்சி வெச்சுப் போட்டா இடைவெளி பெருசாகுதா சின்னதாகுதான்னு அதுகிட்டயே கேளுங்க.

டியூப்புக்கு பதிலா பட்டாணி. ராத்திரி ஊற வெச்ச காய்ஞ்ச பட்டாணி, இல்லன்னா கொண்டைக்கடலை. குச்சி நுனியை கொஞ்சம் சீவி குத்துனா இறங்கும், ஒரு நாள் காயவிட்டா சுருங்கி குச்சியை கவ்விப் பிடிச்சுக்கும். இதுவும் பழசுதான், ஜெர்மனில கிண்டர்கார்டனை ஆரம்பிச்ச ஃப்ரோபெல் காலத்து வித்தை. பக்மின்ஸ்டர் ஃபுல்லர்னு அமெரிக்காக்காரர், உருண்டைக் கூரையால பேர் வாங்குனவர், 1899ல கிண்டர்கார்டன்ல பட்டாணியும் பல்குச்சியும் வெச்சுத்தான் மொத முக்கோணக் கூடு கட்டுனாராம். சின்ன வயசுல அவருக்கு கண்ணு சரியா தெரியாது, மத்த பிள்ளைக வீடு மாதிரி சதுரமா கட்ட, இவர் கையால தடவி எது அசையாம நிக்குதுன்னு பாத்து கட்டியிருக்காரு.

கோவை_அப்பா | சனி மதியம் 12:20

பட்டாணி இன்னிக்கு ராத்திரியே ஊறப்போடறேன். இந்த தடவை பொண்ணு முழிச்சிருக்கும்போதே.

சாத்தூர்_டீச்சர் | சனி மதியம் 12:31

மாமா கொண்டைக்கடலைன்னா வெள்ளையா கருப்பா? வெள்ளைன்னா காயறதுக்குள்ள எங்க பிள்ளைக தின்னுரும்.

பிஸிக்ஸ்_மாமா | சனி மதியம் 12:34

கருப்பு போடுங்க. தின்கறதுக்கு தனியா ஒரு படி அவிச்சிருங்க.